மூன்று வரை எண்ணியது

அந்த அமைதி எத்தனை நொடி நீடித்தது என்று கேட்டால், என் நினைவை நானே நம்பமாட்டேன். ஐந்து என்று ஒரு நாள் தோன்றும். பதினைந்து என்று இன்னொரு நாள்.

மூன்றுக்குக் குறையாது என்பது மட்டும் உறுதி. மூன்று வரை நான்தான் எண்ணினேன்.

தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை வென்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்திய பாராட்டு விழா அது. அந்த வருடம் ஏழு பேர். ஒவ்வொருவரும் மேடையில் ஒரு நிமிடம் பேச வேண்டும், பெற்றோர் பெயரைச் சொல்லி நன்றி கூற வேண்டும் என்று பதிவாளர் சுற்றறிக்கையே அனுப்பியிருந்தார்.

அரங்கத்தில் ஒலி பார்ப்பவன் நான். என் மேசை கடைசி வரிசைக்கும் பின்னால், மேடையைப் பார்த்தபடி இருக்கும். வாசல் கதவு என் முதுகுக்குப் பின்னால்.

காலையில் மைக் சோதனை செய்துகொண்டிருந்தபோது, ஏழு பேரில் ஒருவனான வேதியியல் மாணவன் என் மேசைக்கு வந்தான். அவனுக்குப் பேச்சு திக்கும்.

"அண்ணே, எனக்கு அ… அம்மா பேர்லதான் எப்பவும் மாட்டும். ஸ்கூல்ல அம்மா பேரு கேட்டாங்கன்னா கிளாஸே சிரிக்கும். ஒரு தடவை, எனக்கு அம்மாவே இல்லன்னு சொல்லித் தப்பிச்சேன். அது அவங்க காதுக்குப் போயிடுச்சு."

"அதுக்கென்ன தம்பி, அம்மான்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடேன்."

"இல்லண்ணே. இன்னைக்கு அவங்க முன்னாடி பேரைச் சொல்லியே ஆகணும். மாட்டிக்கிட்டா உங்களைப் பாக்கறேன். மூணு எண்ணுங்க. அப்பவும் வரலேன்னா மைக்கை அமத்திடுங்க. மைக்குதான் போச்சுன்னு நினைச்சுக்கட்டும்."

"என் வேலை போச்சுன்னா?"

"என்கூடவே ஆராய்ச்சிக்கு வந்துடுங்க. ஆளுக்குப் பாதி சம்பளம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். சரி என்றேன்.

நான்காவதாக அவனை அழைத்தார்கள். நன்றாகவே பேசினான். இரண்டு இடங்களில் தடுக்கியது, சமாளித்துக்கொண்டு மேலே போனான்.

"என் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார்," என்றான். "அவர் பெயர்…"

நின்றுவிட்டான்.

மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. யாரோ செருமினார்கள்.

அவன் தலையை நிமிர்த்தி அரங்கத்தின் கோடியைப் பார்த்தான். என்னைத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மைக்கை அமர்த்தினேன்.

அவன் உதடுகள் அசைந்தன. அதற்குள் அரங்கம் சலசலக்கத் தொடங்கிவிட்டது. முன்வரிசையிலிருந்து பதிவாளர் எழுந்து திரும்பிக் கத்தினார்.

"யாருய்யா அங்க? மைக்குக்கு என்ன கேடு?"

அவன் மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் கால் ஒயரில் பட்டுவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த ஆளுக்கு மைக் வேலை செய்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

விழா முடிந்து அவன் நேராக என்னிடம் வந்தான். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நன்றிண்ணே. காப்பாத்திட்டீங்க."

எனக்கு மனசு நிறைந்துபோனது. அரங்கத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்து, முதல் தடவையாக யாருக்கோ உருப்படியாக ஒன்று செய்ததாக நினைத்தேன்.

வென்ற ஏழு பேரையும் வெளியே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஓர் அம்மா என் மேசையருகே வந்து நின்றார். சலவைக்கூடத்துச் சீருடை. சோப்புக் காரம் தின்று வெளுத்த விரல்கள்.

"நீங்கதானே தம்பி மைக்கு பாக்கறவரு? ஷிஃப்டு முடிஞ்சு ஓடி வந்தேன். நான் உக்காரவும் மைக்கு போகவும் சரியா இருந்துச்சு. அவன் எம்பேரைச் சொன்னானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"இப்பதான் அவனைக் கேட்டேன். சொன்னேம்மாங்கறான். என் மனசு நோகக் கூடாதுன்னா அவன் எதையும் சொல்லுவான். நீங்க சொல்லுங்க."

"சொன்னாரும்மா," என்றேன். "தெளிவாச் சொன்னாரு."

ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சரி தம்பி," என்றார். போய்விட்டார்.

அடுத்த வாரம், அன்று அவனுக்கு அடுத்துப் பேசுவதற்காக மேடையில் அவன் பக்கத்தில் நின்றிருந்த மாணவி விழாவின் பதிவைக் கேட்டு வந்தாள். போட்டுக் காட்டினேன். அவன் நின்ற இடத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பதிவும் என் மேசை வழியாகத்தான் போகிறது.

"ஐயோ, இதுலயும் இல்லையா? எவ்வளவு அழகாச் சொன்னான் தெரியுமாண்ணே! அம்மா பேரு, அம்மாவோட அப்பா பேரோட சேர்த்து. ஒரு எழுத்துகூடத் திக்கல."

"மாட்டிக்கிட்டுதானேம்மா நின்னாரு?"

"மாட்டிக்கிட்டா? அவங்கம்மா அப்பதான் உங்க பின்னால கதவைத் திறந்துட்டு வந்தாங்க. அவங்க உக்காரட்டும்னு நின்னான்."

அந்த மாணவன் ஆராய்ச்சியை முடித்து இப்போது வேறொரு நாட்டில் பேராசிரியராக இருக்கிறான். மாணவி எங்கள் பல்கலைக்கழகத்திலேயே பாடம் நடத்துகிறாள். பதிவாளர் ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. எனக்கு அதே அரங்கம், அதே மேசை. அந்த அம்மா மேலும் ஆறு வருடம் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இறந்துபோனார். அந்த ஆறு வருடமும் என் பேருந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் புறப்பட்டது. நான் ஒரு நாளும் இறங்கவில்லை.