கதவுக்கு வெளியே வாசித்தவர்

அன்று காலையும் தணிகாசலம் கழிவறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நாளிதழைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி கோமளவல்லி. மலம் இறங்க அவளுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். பரிசோதனைக்காக எக்ஸ்ரே அறையில் ஆசனவாய் வழியாகப் பசை போன்ற மருந்தை உள்ளே ஏற்றி, படம் பிடிக்கும்போதே வெளியேற்றச் சொன்னார்கள், அவளால் முடியவில்லை. விட வேண்டிய நேரத்தில் தசை இறுகிக்கொள்கிறது, மனதை வேறு பக்கம் திருப்பிப் பாருங்கள் என்றார் டாக்டர். அதிலிருந்துதான் இந்த வாசிப்பு.

“மழைச் செய்தியெல்லாம் வேணாங்க. யாரு யாரோட ஓடிப்போனாங்கன்னு படிங்க.”

“அதைக் கேட்டாத்தான் உனக்கு இறங்கும்.”

உள்ளே சிரிப்புக் கேட்டது. பிறகு அவள் பேசவில்லை. பேச்சு நின்றால் காரியம் ஆகிறது என்று அர்த்தம். அப்போது கூப்பிடவும் கூடாது, வாசிப்பை நிறுத்தவும் கூடாது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அவர் சந்தோஷமாக விளையாட்டுப் பக்கம் வரை வாசித்தார்.

நாளிதழ் முடிந்து அவர் கூப்பிட்டும் திறக்காத கதவை உடைத்தபோது, அவள் இதயம் நின்று அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்கள். எந்தச் செய்தியை வாசித்தபோது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கால்களை உயர்த்தி வைத்துக்கொள்ள அவள் வாங்கிய மணை இன்றும் கழிவறையில் அதே இடத்தில் கிடக்கிறது. தணிகாசலம் அதன் இரண்டு பக்கமும் கால்களை அகட்டி வைத்துத்தான் உட்காருகிறார்.