எந்தத் தேதியிலிருந்து

மைக்ரோவேவ் துகளை ஒளித்துகளாக மாற்றிவிட்டோம் என்று நான் எழுதிய கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதற்காக ஆய்வகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆளுயரக் குளிர்கலத்தின் பின்னாலிருந்து டெக்னீஷியன் கலியமூர்த்தி தலையை நீட்டினார். "மேடம், இந்த கேபிள் எங்க போகணும்? சும்மா தொங்கிட்டிருக்கே."

அவர் கையில் இருந்தது மைக்ரோவேவை உள்ளே அனுப்பும் கேபிள். அப்படியென்றால் உள்ளே எதுவுமே போயிருக்கவில்லை. மேசைமேல் எண்மானி மட்டும் ஒளித்துகள்களை எண்ணிக்கொண்டே இருந்தது. அத்தனையும் நாங்கள் பாய்ச்சிய லேசரின் சொந்த இரைச்சல். அதைத்தான் மாறி வந்த ஒளி என்று வரைபடம் போட்டு, என் பெயரை முதலில் எழுதி அனுப்பியிருந்தேன். பேராசிரியர் சகாயம் வாய் நிறைய இனிப்போடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அது ஸ்பேர்" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. நடுங்கியிருந்தால்கூடத் தேவலை.

கலியமூர்த்தி தலையாட்டினார். கழற்றிய கேபிள் எதுவானாலும், கழற்றிய தேதியை எழுதிச் சீட்டுக் கட்டவேண்டும் என்பது இங்கே விதி. அதைப் போட்டதே நான்தான். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பெரிய எழுத்தில் 'ஸ்பேர்' என்று நிதானமாக எழுதினார். பிறகு நிமிர்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"எந்தத் தேதியிலேர்ந்து மேடம்?"

அவருடைய பேனா முனை சீட்டில் ஊன்றியபடி இருந்தது. அதைச் சுற்றி மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.