ஒயரின் மறுமுனை

லேப்டாப் திரையில், குரல் கேட்கிற புரோகிராமின் சிவப்பு மணிப் படத்தை ஏழாவது முறையாக அமுக்கினேன். லேப்டாப் ஊமையாகவே இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, பெயின்ட் கிடங்கு இருக்கும் பக்கம், புகை கறுப்பாக எழும்பி நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்னால் மூன்று தீயணைப்பு வண்டிகள் எங்கள் தெருவைக் கடந்து போயின. நடு வண்டியில் என் வீட்டுக்காரர் இருந்திருப்பார். நிலையத்தில் அவர் நாலாம் நம்பர். போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள்.

அலமாரி மேல் ரேடியோ ஸ்கேனர் இருக்கிறது. அவர்கள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதைப் பிடிக்கிற பெட்டி. அதன் ஸ்பீக்கர் பழுது என்பதால், ஒரு ஒயர் அதிலிருந்து நேராக என் தையல் மேஜைக்கு இறங்கி லேப்டாப்பில் சேரும். குரல் லேப்டாப்பில் கேட்கும்.

சும்மா வரவில்லை இந்தப் பெட்டி. ஆறு மாதம் முன்பு ஒரு தீ விபத்தில் கூரை இடிந்து, அவர்கள் நிலையத்து இரண்டாம் நம்பர் ஆள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. ஒன்று வேலையை விடுங்கள், இல்லையென்றால் வேலை நேரத்தில் உங்கள் குரலை எனக்குக் கேட்க வையுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

செகண்ட்ஹேண்டில் வாங்கி வந்தார். அவரும் அவர் தம்பியும் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார்கள். மூன்றாம் நாள், கேட்டுக்கோ என்றார்.

கேட்டேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அதிகாரி நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள்.

"நாலு. நல்லா இருக்கேன்."

அப்புறம் ஒரு சின்ன இருமல்.

இரண்டு மாதமாக அந்தக் குரலில்தான் என் மிஷின் ஓடுகிறது. அந்த இருமலுக்காக மருந்துகூட வாங்கி வைத்தேன். வீட்டில் ஒரு தடவைகூட இருமாத மனிதர், மறுபேச்சு பேசாமல் தினமும் ஒரு மூடி குடித்துவிட்டுப் போவார்.

இன்றைக்குப் பார்த்துக் குரல் இல்லை.

அவர் எழுதி ஒட்டிய காகிதம் சுவரில் இருந்தது. நடுவில் ரவுட்டர் கிடையாது, நேர் ஒயர். ஐ.பி. முகவரி கொடுக்க ஆள் இல்லாததால் இரண்டுக்கும் நாமே கொடுக்க வேண்டும். கடைசி எண் லேப்டாப்புக்கு ஒன்று, ஸ்கேனருக்கு இரண்டு. ஊசியில் நூல் கோக்கிற விரல் எனக்கு. இன்றைக்கு ஒரு எண்ணைத் தட்ட வரவில்லை. பதற்றத்தில் லேப்டாப்புக்கும் இரண்டு என்றே அடித்திருந்தேன். திருத்தினேன்.

ஸ்கேனர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளையை அடித்தேன். நான்கு முறை கேட்டது. நான்கு முறையும் பதில் இல்லை என்றது.

அதுவும் ஆகாவிட்டால், லேப்டாப்பின் காவல் புரோகிராமான ஃபயர்வாலை அணைக்கச் சொல்லி எழுதியிருந்தார். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. அணைத்தேன். மறுபடியும் நான்கு முறை பதில் இல்லை.

கொழுந்தனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஊரில் பாதி ஆபீசுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பவன். புகையைச் சொன்னேன், எண்களைச் சொன்னேன், பதில் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அண்ணி, நீங்க ஒயரைத் தொடாதீங்க. லேப்டாப்பை மட்டும் ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

இதைச் சொல்ல ஒரு எக்ஸ்பர்ட்டா என்று எரிச்சலாக வந்தது. செய்தேன். கிழட்டு லேப்டாப், எழுந்திருக்க ஐந்து நிமிடம் எடுக்கும். ஆன் ஆனதும் அவர் வைத்த புரோகிராம் தானாகவே திறந்துகொள்ளும்.

அதற்குள் கிடங்குப் பக்கம் ஏதோ வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜை மேலிருந்த குண்டூசி டப்பா கீழே விழுந்து சிதறியது.

எனக்குக் காத்திருக்க முடியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஸ்டூல் மேல் நிற்கிறேன், ஒயரைச் சரியாகச் செருகிப் பார்க்கிறேன் என்று கீழே பார்த்துக் கத்தினேன். வேண்டாம் அண்ணி என்று போன் சொன்னது. ஸ்கேனரின் பின்பக்கம் தூசி அப்பியிருந்தது. ஒயரைப் பிடுங்கி, முனையை வாயால் ஊதினேன்.

முதுகுக்குப் பின்னால் நம்பர்கள் கேட்க ஆரம்பித்தன. ஒன்று. மூன்று.

"நாலு. நல்லா இருக்கேன்."

இருமல்.

அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா தெரியாது. வந்துவிட்டது தம்பி, உங்கள் அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.



ஐந்தாம் நம்பர் பதில் சொன்னது. ஆறாம் நம்பர் சொன்னது. ஒயரைத் திரும்பச் செருகக் கையைத் தூக்கினேன்.

ஒயர் என் கையில்தான் இருந்தது.

லேப்டாப்பில் அதிகாரி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். பைப்பைச் சுருட்டச் சொன்னார். யாரோ டீ கேட்டார்கள். பின்னால் எங்கேயும் நெருப்புச் சத்தம் இல்லை. என்றைக்கோ பதிந்து லேப்டாப்பில் வைத்த குரல்கள்.

"அண்ணி," என்றான் கொழுந்தன். "முதல்ல ஸ்டூல்ல இருந்து இறங்குங்க."

இறங்கவில்லை. ஸ்கேனருக்குப் பக்கத்தில் இருமல் மருந்துப் பாட்டில் இருந்தது. முக்கால்வாசி காலி.

ஜன்னலில் வானம் தெரியவில்லை. மேஜை மேல் அவர் மறுபடியும் இருமினார்.