கண்ணில்லாத நரி

"சும்மா மழுப்பாத சிவா. லண்டனில இருக்கிறவன் நீ. அந்த நரிக்குக் கண் இருக்கோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

சாப்பாட்டு மேசையில் இப்படிக் கேட்டவன் கனகசுந்தரம். பதினேழு வருஷமாகத் தாஹிர் எந்தக் கேள்விக்குப் பயந்து கிடந்தானோ, அதை அவன் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டான் பாவி.

போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்ததும் சிவகுருநாதன் லண்டனிலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்தான். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் மூவரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தாஹிரின் வீட்டில் கூடியிருந்தார்கள். எங்கே தொடங்கினாலும் அவர்கள் கதை கடைசியில் நரி சேர்ட்டில்தான் போய் நிற்கும்.

அது எண்பத்தைந்து, எண்பத்தாறு. வெளியே சுற்றிவளைப்பும் ஊரடங்கும். பதினெட்டு வயதுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கிறது? டியூட்டரி வகுப்பில் பெண்பிள்ளைகள் ஒருதரம் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரே வழி லண்டன் சேர்ட். அதிலும் வின்பரி கம்பனிச் சேர்ட். இங்கிலாந்தில் பெரிய பல்கலைக்கழகங்களில் படிக்கிற துரைவீட்டுப் பொடியன்கள் போடுவதாம். வெள்ளையில் நீலக்கோடு, கொலரில் சின்னப் பொத்தான், நெஞ்சில் சிவப்பு நூலில் ஓடுகிற நரி. அதைப் போட்டவன் கணக்கில் கோட்டை விட்டாலும் கெட்டிக்காரன்தான்.

ஊரில் முதல் வந்த நரி தாஹிருடையது. கப்பலில் வேலை செய்யும் மாமா லண்டனில் வாங்கி வந்தார் என்று சொல்லியிருந்தான். மாமாவும் இல்லை, லண்டனும் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்த வாப்பா, கப்பற்காரன் ஒருவன் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்த விளம்பரத்தைப் பார்த்து உம்மா ஸாலிஹாதான் தைத்துக் கொடுத்தார். மகன் சோறு தின்னாமல் குப்புறக் கிடந்தால் தாய் வேறென்ன செய்வார்? ஆனாலும் உயிருள்ள ஒன்றை உருவமாகத் தைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. "கண் மட்டும் வெக்க மாட்டன் மகன். கண் வெச்சா அதுக்கு உயிர் குடுக்கிற மாதிரி" என்று நரியைக் குருடாகவே விட்டுவிட்டார்.

பிறகு கனகசுந்தரத்துக்கு அவனுடைய சித்தப்பா லண்டனிலிருந்து அசல் வின்பரியே அனுப்பினார். அந்த நரிக்குக் கறுப்பு நூலில் கண் இருந்தது. டியூட்டரியே கூடிநின்று இரண்டு நரிகளையும் ஒப்பிட்டது. முதல் வந்தது தாஹிருடையது, ஆகவே அதுதான் அசல், கண் வைத்தது கொழும்பு நடைபாதைச் சாமான் என்று தீர்ப்பாகிவிட்டது. அன்று பின்னேரமே கனகசுந்தரம் சவர பிளேட்டால் நரியின் கண்ணைப் பிடுங்கி எறிந்தான். பிடுங்கிய இடத்தில் ஊசித்துளைகள் கடைசிவரை மறையவில்லை.

தாஹிர் வாயே திறக்கவில்லை. பொடியன்கள் வரிசையில் நின்று அவனுடைய சேர்ட்டை இரவல் வாங்கி ஸ்டூடியோவில் படம் பிடித்தார்கள். சிவகுருநாதன் லண்டனுக்குப் புறப்பட்டபோது, "நல்ல சேர்ட் போட்டாத்தான் எயார்போட்டில என்னை மாணவன் எண்டு நம்புவாங்கள் மச்சான்" என்று அழாக்குறையாக வந்து நின்றான். தாஹிர் கழற்றியே கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் உறைத்தது. லண்டனில் கடைக்குக் கடை அசல் நரி தொங்குமே. பொய் வெளுத்தால் கனகசுந்தரத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? தன் மானத்தோடு உம்மாவின் மானமுமல்லவா கப்பலேறும்?

"என்னடா சிவா, யோசிக்கிறாய்?" கனகசுந்தரம் விடுவதாக இல்லை. "எங்கட சித்தப்பா சாகும் வரைக்கும் தான் அனுப்பினதுதான் அசல் எண்டு சத்தியம் பண்ணினவர்."

மீன்பொரியல் தட்டோடு வந்த ஸாலிஹா உம்மா குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். தாஹிர் தலையைக் குனிந்துகொண்டான்.

சிவகுருநாதன் எழுந்து கை கழுவிவிட்டு வந்து தன் பையைத் திறந்தான்.

"அந்தச் சேர்ட்டோடதான் நான் லண்டனில இறங்கினனான். முதல் வருஷம் குளிருக்கு அதை உள்ளுக்குப் போட்டுக்கொண்டுதான் படுத்தனான். ஊர் மணம் அதிலதான் இருந்தது. அதுக்குப் பதிலா ஒண்டு குடுக்கவேணும் எண்டு கனகாலமா நினைச்சுக்கொண்டிருந்தனான். இந்தா தாஹிர். வின்பரிக் கடையில நானே வாங்கினது."

"நரியைக் காட்டு, நரியைக் காட்டு" என்று கனகசுந்தரம் எட்டிக் கையை நீட்டினான்.

"எச்சில் கையால தொடாத. அங்க இருந்தே பார்."

சிவகுருநாதன் சேர்ட்டை விரித்துப் பிடித்தான். வெள்ளையில் நீலக்கோடு. நெஞ்சில் அதே சிவப்பு நரி. அதற்குக் கண் இல்லை.

கனகசுந்தரம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பிறகு சிரித்தான். "அப்ப எங்கட சித்தப்பாவைத்தான் ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள். பாவம் மனுசன். குறை நினையாத தாஹிர், இவ்வளவு காலமும் உன்னிலதான் எனக்குச் சந்தேகம்."

தாஹிர் கை கழுவிவிட்டு வந்து சேர்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. வாப்பா கொண்டுவந்த புத்தகத்து நரிக்குக் கண் இருந்ததே. கம்பனிக்காரனே பிறகு மாற்றிவிட்டானா?

"உம்மா, மீனைக் கொண்டாங்கோ, ஆறப்போகுது" என்று சிவகுருநாதன் தட்டை நீட்டினான். தாஹிரின் பக்கம் திரும்பவே இல்லை.

தாஹிர் மெல்ல நரியின் முகத்தைத் தடவினான். விரலில் சின்னச் சின்ன ஊசித்துளைகள் தட்டுப்பட்டன, அவற்றிலொன்றில் மிஞ்சிக் கிடந்த கறுப்பு நூல்துண்டு அவன் நகத்தோடு வந்தது.