விலகும் காரணம்

கல்வி நிலையத்துக்காக ஜெனிஸ் வடிவமைத்த இணையப் பதிவுப் பக்கத்தில் வகுப்பு இடங்கள் வேகமாக நிரம்பிக்கொண்டிருந்தன. கொழும்புத்துறையிலிருந்து ஜெசிந்தா அழைத்தாள்.

"தம்பி, மகள் ஜெயனியைச் சேர்க்க விடுதில்லை. இடமும் முடியப்போகுதாம்."

ஜெனிஸ் பார்த்தான். "அக்கா, ஒரு போன் நம்பருக்கு ஒரு பிள்ளைதான். உங்கடை நம்பரிலை மகன் ஷெரோன்ரை பேர் கிடக்கு."

"ஓம், போன வருசம் அவனே பதிஞ்சவன்."

"ஆளை வகுப்புப் பக்கம் காணேல்லையே! போனிலை கேம் அடிக்கிறாரோ?" ஜெனிஸ் சிரித்தான். "அவரை எடுத்துவிடுங்கோ, மகளைச் சேர்க்கலாம்."

"எடுக்கத்தான் பாக்கிறன். காரணம் கேக்குது."

"ஒண்டை அமத்துங்கோவன்."

"விருப்பமில்லை எண்டு கிடக்கு. அவன் விரும்பித்தான் படிச்சவன். வேறை வகுப்புக்குப் போறார் எண்டு கிடக்கு. அதுவும் பொய்."

"ஐயோ அக்கா, ஏதாவது ஒண்டு..."

"தகப்பனோடை தொழிலுக்குப் போன இடத்திலை பிள்ளை கடலிலை தாண்டு செத்துப்போனான், தம்பி. அதுக்கு நான் எதை அமத்துறது?"

அந்தக் காரணங்களை எழுதியவன் ஜெனிஸ்தான்.

"நீங்கள் ஒண்டையும் அமத்த வேண்டாம் அக்கா."

ஒரு நம்பருக்கு ஒரு பிள்ளை என்ற விதியை அவன் எடுத்துவிட்டான். ஷெரோனின் பெயருக்குக் கீழே ஜெயனியின் பெயர் வந்து விழுந்தது.