இரண்டு கிளாரினெட்

"லிப்கின் வாசிச்சாத்தான் கல்யாணம், சம்பந்தி!" பெண்ணின் அப்பா ஃபைவல் தன்னிடமிருந்த இசைத்தட்டைத் தூக்கிக் காட்டினார். "பொண்ணை உட்கார வச்சு அழவைக்கிற சடங்குல, அந்தாளோட கிளாரினெட்டே அழும்!"

"அழுமூஞ்சி!" மாப்பிள்ளையின் அப்பா சுஸ்மன் வேறொரு இசைத்தட்டை நீட்டினார். "எங்க பிராட்னர் வாசிச்சா செத்தவனும் எழுந்து ஆடுவான். அவர் வரலேன்னா என் பிள்ளையும் வரமாட்டான்!"

புரூக்ளினில் அந்த இரண்டு யூத வீடுகளிலும் அந்த வாரம் முழுக்க இதே சண்டை. இசைத்தட்டுக் கடையில் வேலை பார்க்கும் மணப்பெண் ரைசல்தான் கடைசியில் குறுக்கே வந்தாள்.

"ரெண்டு பேரையும் நானே வரவழைக்கிறேன். சும்மா இருங்க!"

கல்யாணத்தன்று கிளாரினெட்டோடு மண்டபத்துக்குள் நுழைந்தவர் ஒரே ஒருவர்.

"லிப்கின்தானே?" ஃபைவல் ஓடினார்.

"ஆமா."

"அப்ப எங்க பிராட்னர் எங்கே?" சுஸ்மன் பாய்ந்தார்.

"அதுவும் நான்தான். ரெண்டு கம்பெனிக்கு ரெகார்டு கொடுக்கறேன். கம்பெனிக்கு ஒரு பேர்."

ரைசல் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அப்புறம் அழவேண்டியவள் அழுதாள், மண்டபமே ஆடியது. சம்பந்திகள் இருவரும் கைகோத்துக்கொண்டு மூச்சு வாங்க ஆடினார்கள். ஆடிக்கொண்டே ஃபைவல், சுஸ்மன் காதருகே குனிந்தார்.

"என்ன இருந்தாலும், சம்பந்தி... லிப்கின் அளவுக்கு பிராட்னருக்கு வரலே!"