பதிமூன்றாவது சீட்டு

"ஆப்ல ஓட்டு வெச்சா தோத்துடுவோம்னு பயம். நேராவே சொல்லிடுங்களேன் சார்" என்றான் ஜெபகுமார்.

கார் பார்க்கிங்கில் கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒன்பது வருடமாக ரத்தினம்தான் செகரட்டரி. நாற்காலியோடு பிறந்தவர் என்று அவருக்குப் பெயர். முதல்முறையாக அவரை எதிர்த்து நிற்பவன், பெருங்களத்தூர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெபகுமார்.

"ஃப்ரீ ஆப் சார். நம்ம வாட்ஸ்ஆப் குரூப்ல லிங்க் போட்டுடறேன். ஒரே நிமிஷத்துல ஓட்டு முடிஞ்சிடும்."

"எவனோ ஒரு கம்பெனிக்காரன் நமக்கு ஏன்பா ஃப்ரீயா எலெக்‌ஷன் நடத்தணும்?" என்று எகிறினார் ரத்தினம். "நெட்ல எந்த நாட்டுத் தலைவர் பேசலாம், யார் வாயை மூடணும்னு நாலு கம்பெனி முதலாளிங்க முடிவு பண்றாங்க. அவங்களுக்கு யாருய்யா ஓட்டு போட்டது? இந்த பில்டிங்காவது தப்பிக்கட்டும். பேப்பர்லதான் ஓட்டு!"

"இதையும் தினம் வாட்ஸ்ஆப்லதானே சார் ஃபார்வர்டு பண்றீங்க?" என்றாள் இரண்டாம் மாடி சினேகா.

மறுபடியும் சிரிப்பு. ரத்தினத்துக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் மனிதர் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உலகத்துப் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றவர், ஒரு பழைய முறுக்கு டின்னின் மூடியில் துளை போட்டு, அதற்கு அரக்கு சீல் வேறு வைத்திருந்தார்.

மாலையில் எண்ணிக்கை. சினேகாதான் எண்ண உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு ஒரு ஓட்டு, மொத்தம் பன்னிரண்டு. ஆறுக்கு ஆறு வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"பழைய செகரட்டரியே தொடரலாம்னு அசோசியேஷன் பைலாவுல இருக்கு" என்றார் ரத்தினம்.

"அதை எழுதினதே நீங்கதானே!" என்றான் ஜெபகுமார்.

சினேகா சீட்டுகளை எண்ணினாள். முகம் மாறியது. திரும்ப எண்ணினாள்.

"பதிமூணு இருக்கு!"

"குரூப்ல பன்னிரண்டு வீடுதானே?"

"கள்ள ஓட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜெபகுமார் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்துவிட்டான். "இதுக்குத்தான் பேப்பர் பேப்பர்னு குதிச்சீங்களா சார்?"

ரத்தினம் அவனை முறைத்தார். "முதல்ல பிரிச்சுப் படிக்கச் சொல்லு."

படித்தார்கள். ஜெபகுமார் ஏழு. ரத்தினம் ஆறு.

"கள்ள ஓட்டு போட்டும் தோத்துட்டாரே!" என்று யாரோ சொல்ல, பார்க்கிங்கே அதிர்ந்தது.

அப்போது தரைத்தளத்தில், படிக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அங்காளம்மாள்.

"எவன்யா கள்ள ஓட்டுன்னு கூவறது? நானும் இங்க வூட்டுக்காரிதான். இந்த நெலமே எங்களுது. பில்டருகாரன் அதுக்குப் பதிலா எனக்கு ஒரு வூடு குட்தான். காத்தால இந்த ஆளுதான் கதவத் தட்டி சீட்டு குட்தாரு. கருவாடு காயப்போட்டேன்னு மொட்டை மாடியப் பூட்டுன ஆளாச்சே, வுடுவேனா? குத்துனேன் பாரு, இந்தத் தம்பிக்கு!"

அவர் கையில் பட்டன் போன். அதனால் குரூப்பில் இல்லை. குரூப்பில் இல்லாததால், அப்படி ஒரு வீடு இருப்பதே ரத்தினத்தைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜெபகுமார் வீடியோவை நிறுத்தினான்.

ரத்தினம் மொட்டை மாடிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"சார்... ஆப்ல நடத்தியிருந்தா ஆறுக்கு ஆறு. நீங்கதான் செகரட்டரி. அந்தம்மா உங்களுக்குப் போட மாட்டாங்கன்னு தெரியாதா?"

"தெரியுமே. உன்னைக் கவுக்காம வுட மாட்டேன்னு போன வாரமே என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் சார் சீட்டு கொடுத்தீங்க?"

"ஓட்டு அவங்களுது. அவங்களுக்குக் கிடையாதுன்னு சொல்ல, நான் என்ன கம்பெனி முதலாளியா?"